வீட்டுத் திரையரங்கத்துக்குத் திரை வாங்குமுன்: அளவையும் வடிவத்தையும் முடிவு செய்வது எப்படி?

சென்ற ஆண்டு எங்கள் அடுக்குமாடி வீட்டின் ஓர் அறையை வீட்டுத் திரையரங்கமாக மாற்ற நினைத்தபோது, புரொஜெக்டரைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதம் செலவிட்டேன். திரையைத் தேர்ந்தெடுக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. கடைக்காரர் "எத்தனை இஞ்ச் சார்?" என்று கேட்டார், நான் "நூத்தியிருபது" என்றேன், பேச்சு அதோடு முடிந்தது. வந்திறங்கிய பெட்டி பத்தரை அடி நீளம் இருந்தது. லிஃப்டில் நுழையவில்லை, படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே முட்டி நின்றது, கடைசியில் தாம்புக்கயிறு கட்டி இரண்டாம் மாடி பால்கனி வழியாக நான்கு பேர் இழுத்து ஏற்றினோம். மாட்டி முடித்த பிறகுதான் படத்தின் கீழ் விளிம்பே உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டத்துக்கு வந்துவிட்டது தெரிந்தது. முதல் படத்தைப் பார்த்து முடித்த மாமனார் கழுத்தைத் தடவிக்கொண்டே, "தரை டிக்கெட்டுல முன்வரிசையில உக்காந்த மாதிரி இருக்கு மாப்ளே" என்றார். நான்கே மாதத்தில் அந்தத் திரையைப் பாதி விலைக்கு விற்றுவிட்டு, முதலிலேயே செய்திருக்கவேண்டிய கணக்கை உட்கார்ந்து போட்டேன். அந்தக் கணக்கு, நான் செய்த வரிசையில் அல்லாமல், செய்திருக்கவேண்டிய வரிசையில் கீழே இருக்கிறது. அளக்கும் டேப், பென்சில், ஒரு வேட்டி, நைலான் நூல் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

1. குறுக்களவில் பேசுவதை நிறுத்துங்கள்

கடையில் சொல்லப்படும் 100, 110, 120 என்ற எண்கள் எல்லாம் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு உள்ள குறுக்களவு. சுவரில் மாட்டப்போவது குறுக்களவு அல்ல என்பதால், முதல் வேலையாக அதை அகலமாகவும் உயரமாகவும் மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். தொலைக்காட்சியின் வடிவமான 16:9 திரைக்குக் குறுக்களவை 0.87ஆல் பெருக்கினால் அகலமும், 0.49ஆல் பெருக்கினால் உயரமும் கிடைக்கும். அதன்படி 100 அங்குலத் திரை 87க்கு 49 அங்குலம். 110 என்பது 96க்கு 54. 120 என்பது 105க்கு 59. 135 என்பது 118க்கு 66.

திரையரங்குகளில் நாம் பார்க்கும் நீளவாட்டு வடிவமான ஸ்கோப், அதாவது 2.35:1, வேறு கணக்கு. அங்கே அகலத்துக்கு 0.92, உயரத்துக்கு 0.39. ஆகவே 120 அங்குல ஸ்கோப் திரை என்பது 110க்கு 47 அங்குலம். இங்கேதான் முதல் பொறி இருக்கிறது: இரண்டுமே "120 இஞ்ச்" என்றுதான் விற்கப்படுகின்றன, ஆனால் ஸ்கோப் திரையின் பரப்பு 16:9 திரையின் பரப்பைவிட ஏறத்தாழ 16 சதவீதம் குறைவு. இரண்டு வடிவங்களுக்கு விலை ஒப்பிடும்போது குறுக்களவை வைத்து ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

2. சுவரை அளந்து, அதில் உண்மையில் மிஞ்சுவதைக் கண்டுபிடியுங்கள்

எங்கள் அறை 11 அடி அகலம், 16 அடி நீளம், ஒன்பதரை அடி உயரம். 11 அடி என்றால் 132 அங்குலம். 120 அங்குலத் திரைக்கு 105தான் வேண்டும் என்பதால் இடம் தாராளம் என்று நினைத்தேன். நான் கணக்கில் எடுக்காதவை: மோட்டார் திரையின் உலோகப் பெட்டி படத்தைவிட 13 அங்குலம் நீளமானது, முன்பக்க ஸ்பீக்கர்கள் இரண்டும் திரைக்கு இரு புறமும் நிற்கவேண்டும், கூரையை ஒட்டி ஓடும் கான்கிரீட் பீம் ஓர் அடி கீழே இறங்கியிருக்கிறது. பெட்டியை மாட்டிய பிறகு இரு புறமும் ஏழேழு அங்குலம்தான் மிஞ்சியது. எட்டரை அங்குல அகலமுள்ள ஸ்பீக்கர்கள் அதற்குள் அடங்காமல் பெட்டியின் ஓரத்துக்குக் கீழே நுழைந்து நின்றன.

எனவே சுவரின் படத்தை ஒரு தாளில் வரைந்து, பீமின் கீழ் விளிம்பு, ஏசி, சுவிட்ச் போர்டு, கதவு திறக்கும் பக்கம், லாஃப்ட், கீழே வைக்கப்போகும் மேசை அல்லது நடு ஸ்பீக்கரின் உயரம் எல்லாவற்றையும் அதில் குறியுங்கள். ஸ்பீக்கருக்கென்று இரு புறமும் குறைந்தது 14 அங்குலம் ஒதுக்குங்கள். எஞ்சிய நீள்சதுரம்தான் உங்கள் திரைக்கான இடம். அந்த நீள்சதுரத்தின் அகலம் உங்களைக் கட்டுப்படுத்துகிறதா, உயரம் கட்டுப்படுத்துகிறதா என்பதைத் தாளின் மேல் பெரிதாக எழுதி வையுங்கள். ஐந்தாம் படியில் வடிவத்தைத் தீர்மானிக்கப்போவது அந்த ஒரு சொல்தான்.

3. கண்ணிலிருந்து திரைக்கு உள்ள தூரத்தை அளங்கள்

அளக்கவேண்டியது சோபாவின் முன்விளிம்பிலிருந்து அல்ல. சாய்ந்து உட்கார்ந்த நிலையில் உங்கள் கண் இருக்கும் இடத்திலிருந்து. இரண்டுக்கும் இரண்டடி வித்தியாசம் வரும். எங்கள் அறையில் சோபாவைப் பின்சுவரிலிருந்து சற்று முன்னே தள்ளிப் போட்டபோது அந்தத் தூரம் 12 அடி, அதாவது 144 அங்குலம்.

படத்தின் அகலம் கண்ணில் எத்தனை பாகைக் கோணத்தை அடைக்கிறது என்பதைக் கொண்டு இரண்டு எல்லைகள் இத்துறையில் வழக்கத்தில் உள்ளன. 30 பாகை என்பது கீழ் எல்லை, அது எஸ்.எம்.பி.டி.இ. என்ற அமைப்பின் பெயரில் வழங்குகிறது. 40 பாகை என்பது டி.எச்.எக்ஸ். என்ற தரச்சான்று நிறுவனத்தின் பெயரில் வழங்கும் அளவு. திரையரங்கில் நடுவரிசைக்குச் சற்று முன்னே உட்கார்ந்த உணர்வைத் தருவது. கோணக் கணக்கெல்லாம் உங்களுக்கு வேண்டாம். தூரத்தை 0.61ஆல் பெருக்கினால் 30 பாகைக்கான 16:9 குறுக்களவும், 0.83ஆல் பெருக்கினால் 40 பாகைக்கான குறுக்களவும் வந்துவிடும். 144 அங்குலத்துக்கு இது 88 முதல் 120 வரை. ஆக, நான் முதலில் வாங்கிய 120 உச்ச எல்லையில் இருந்ததே தவிர எல்லை மீறவில்லை. ஆனால் உச்ச எல்லை என்பது எல்லாருக்கும் சுகப்படும் எல்லை அல்ல. வீட்டில் முதியவர்கள் இருந்தால், அல்லது வேகமாக ஆடும் படக்காட்சிகளில் தலை சுற்றுகிறது என்று யாராவது சொன்னால், நடுவில் நில்லுங்கள். என் அனுபவத்தில் 36 பாகையை ஒட்டிய அளவுக்கு வீட்டில் யாரும் புகார் சொல்லவில்லை.

இரண்டு வரிசை இருக்கை போடுபவர்கள் பின்வரிசையை வைத்துக் கீழ் எல்லையையும், முன்வரிசையை வைத்து மேல் எல்லையையும் கணக்கிடவேண்டும். புரொஜெக்டர் புள்ளிகள் அதிகமுள்ள 4கே அல்லாமல் குறைவான 1080பி என்றால், தூரத்தின் 0.66 மடங்குக்கு மேல் போகாதீர்கள். அதைத் தாண்டினால் நல்ல கண் உள்ளவர்களுக்குப் படத்தின் புள்ளிகள் தெரியத் தொடங்கும்.

4. வேட்டியைக் கட்டி ஒரு வாரம் வாழ்ந்து பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கத் தோன்றும், தவிர்க்காதீர்கள். எட்டு முழ வேட்டியின் அகலம் சுமார் 50 அங்குலம். அதாவது 100 அங்குல 16:9 திரையின் உயரம் கிட்டத்தட்ட அதேதான். வேட்டியைப் பக்கவாட்டில் விரித்து, 87 அங்குலத்துக்கு மேல் மிஞ்சும் நீளத்தைப் பின்னால் மடித்து, பெயிண்டர்கள் பயன்படுத்தும் காகித டேப்பால் சுவரில் ஒட்டினால், 100 அங்குலத் திரை உங்கள் முன் நிற்கும். அதைவிடப் பெரிய அளவுகளுக்கு டேப்பாலேயே சுவரில் எல்லைக்கோடு இட்டுக்கொள்ளலாம். செலவு நூறு ரூபாய்க்குள் முடியும். சாதாரணப் பொட்டலம் கட்டும் டேப்பை மட்டும் பயன்படுத்தாதீர்கள், சுவரின் பெயிண்டை உரித்துக்கொண்டு வரும்.

புரொஜெக்டர் ஏற்கெனவே கையில் இருந்தால் இன்னும் நல்லது. வெள்ளைச் சுவரிலேயே ஒரு மாதம் படம் பாருங்கள். தினம் ஓர் அளவு வைத்து, வீட்டில் இருப்பவர்கள் எந்த அளவில் நாற்காலியைப் பின்னே இழுக்கிறார்கள், எந்த அளவில் முன்னே நகர்கிறார்கள் என்று கவனியுங்கள். கேட்டால் எல்லாரும் "பெருசா இருக்கட்டும்" என்றுதான் சொல்வார்கள். நாற்காலி பொய் சொல்லாது.

5. வடிவம்: 16:9 ஆ, ஸ்கோப்பா?

கடைக்காரரிடம் விடாதீர்கள், அவர் கையிருப்பில் உள்ளதைத்தான் பரிந்துரைப்பார். நண்பரிடமும் விடாதீர்கள், அவர் அறை வேறு. முடிவு இரண்டு கேள்விகளில் இருக்கிறது.

முதல் கேள்வி, இரண்டாம் படியில் எழுதி வைத்தது: உங்களைக் கட்டுப்படுத்துவது அகலமா, உயரமா? அகலம் என்றால் 16:9 வாங்குங்கள். காரணத்தை எங்கள் அறையை வைத்தே காட்டுகிறேன். எனக்குக் கிடைத்த அகலம் 96 அங்குலம். அதில் 16:9 திரை வைத்தால் 54 அங்குல உயரம். ஸ்கோப் திரை வைத்தால் 41 அங்குல உயரம். ஸ்கோப் வடிவில் எடுக்கப்பட்ட படத்தைப் போடும்போது இரண்டிலும் படம் ஒரே அளவுதான். 16:9 திரையில் மேலும் கீழும் ஏழேழு அங்குலம் கறுப்புப் பட்டை விழும், அவ்வளவுதான் வேறுபாடு. ஆனால் கிரிக்கெட் பார்க்கும்போது 16:9 திரை முழுவதும் நிறைந்து 110 அங்குலப் படம் வரும். ஸ்கோப் திரையிலோ இரு புறமும் கிட்டத்தட்ட 12 அங்குலம் வெற்றாகி, நடுவில் 83 அங்குலப் படம்தான் நிற்கும். அகலம் குறைந்த அறையில் ஸ்கோப் திரை வாங்குவது, சினிமாவுக்கு எதையும் கூட்டாமல் மற்ற எல்லாவற்றையும் சுருக்கிக்கொள்வது. நம் ஊர் அடுக்குமாடி அறைகளில் பெரும்பாலும் அகலம்தான் இடிக்கும்.

அகலம் தாராளமாக இருந்து, தாழ்ந்த கூரையோ பீமோ உயரத்தை வெட்டினால் நிலைமை தலைகீழ். 14 அடி அகலச் சுவரில் 47 அங்குல உயரம்தான் கிடைக்கிறது என்று வையுங்கள். 16:9 என்றால் அகலம் 84 அங்குலத்தோடு நிற்கும். ஸ்கோப் என்றால் 110 வரை போகும், கிரிக்கெட் பார்க்கும்போதும் அந்த 84 அங்குல அகலப் படம் குறையாமல் கிடைக்கும். அங்கே ஸ்கோப்பை வேண்டாம் என்பதற்குக் காரணமே இல்லை, இரண்டாம் கேள்வியில் தேறினால்.

இரண்டாம் கேள்வி: உங்கள் வீட்டில் உண்மையில் என்ன ஓடுகிறது? ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். இன்றைய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை 2.35 அல்லது 2.39 என்ற ஸ்கோப் வடிவம். விளையாட்டு, செய்தி, சீரியல், யூடியூப், வீடியோ கேம் எல்லாம் 16:9. இணையத் தொடர்கள் பலவும் இரண்டுக்கும் நடுவில் 2:1 வடிவில் வருகின்றன. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏறக்குறைய சதுரமானவை. அவற்றை ஸ்கோப் திரையில் போட்டால் நடுவில் ஒரு சன்னல் திறந்தது போலத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் ஒரு மாதக் கணக்கில் பாதிக்கு மேல் கிரிக்கெட்டும் மகளின் கார்ட்டூனும்தான். சினிமாவுக்காகவே அறை கட்டுகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு அது சற்று உறுத்தலாகத்தான் இருந்தது.

ஸ்கோப் என்று முடிவு செய்பவர்கள் மூன்று பொறிகளைத் தெரிந்துகொள்ளவேண்டும். ஒன்று, ஸ்கோப் படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கவும் கிரிக்கெட்டுக்குச் சிறிதாக்கவும் புரொஜெக்டர் லென்சுக்குக் குறைந்தது 1.32 மடங்கு ஜூம் வேண்டும், 1.1, 1.2 ஜூம் உள்ள மலிவான கருவிகளால் இது ஆகாது. ஜூமைக் கையால் திருப்பும் கருவி என்றால் கூரையில் மாட்டியதை ஒவ்வொரு முறையும் ஏணி போட்டுத் திருப்பவேண்டும்; லென்ஸ் நிலைகளை நினைவில் வைத்து ரிமோட்டிலேயே மாற்றும் வசதி உள்ள கருவிகள் விலை கூடியவை. இரண்டு, படத்துக்குக் கீழே உள்ள கறுப்புப் பட்டையில் வசனவரி தோன்றும் படங்களில், பெரிதாக்கியதும் அந்த வரி திரைக்கு வெளியே சுவரில் போய் விழும். மூன்று, சில படங்கள் ஐமேக்ஸ் காட்சிகளுக்காக நடுவில் வடிவம் மாறுபவை. அந்தக் காட்சிகள் ஸ்கோப் திரையின் மேலும் கீழும் வழிந்துவிடும்.

6. உயரத்தை நிர்ணயியுங்கள்

சோபாவில் உட்கார்ந்தவரின் கண், தரையிலிருந்து சுமார் 40 அங்குலத்தில் இருக்கும். உங்கள் சோபாவில் அளந்தே எழுதுங்கள். படத்தின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு, கண் மட்டத்துக்குச் சமமாகவோ சற்று மேலேயோ வந்தால் கழுத்துக்கு நல்லது. 54 அங்குல உயரத் திரைக்கு அதன் கீழ் விளிம்பு 22 முதல் 30 அங்குலத்துக்குள் வரும். எங்கள் நடு ஸ்பீக்கர் 24 அங்குலம் உயரம் என்பதால் 28இல் வைத்தோம். இரண்டாம் வரிசை இருந்தால் முன்வரிசைத் தலைகளுக்கு மேலே படம் தெரியவேண்டும் என்பதால் சற்று உயர்த்தவேண்டியிருக்கும்.

மோட்டார் திரை வாங்குபவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படியுங்கள். திரைத்துணியில் பெட்டிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் நடுவே உள்ள கறுப்புத் துணியை பிளாக் டிராப் என்பார்கள். படம் எவ்வளவு கீழே இறங்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் நீளம்தான். என் முதல் திரையில் அது இரண்டே அங்குலம்; எனக்குத் தேவைப்பட்டது ஒன்பது. ரிமோட்டை அழுத்தி இன்னும் கீழே இறக்கலாமே என்று நினைத்தேன். துணி முடிந்துவிட்டால் இறக்க ஒன்றும் இல்லை. வாங்கியபின் இதை மாற்ற முடியாது. ஆர்டர் கொடுக்கும்போது, பெட்டியின் அடியிலிருந்து படத்தின் மேல் விளிம்புவரை எத்தனை அங்குலம் வேண்டும் என்பதை எண்ணாக எழுதிக் கொடுங்கள்.

7. புரொஜெக்டரும் மின்விசிறியும் ஒத்துழைக்குமா என்று பாருங்கள்

தூரக் கணக்கு எளிது. கருவியின் விவரத்தாளில் த்ரோ ரேஷியோ என்று ஓர் எண் இருக்கும். அதைப் படத்தின் அகலத்தால் பெருக்கினால் லென்சுக்கும் திரைக்கும் வேண்டிய தூரம் வரும். 1.2 முதல் 1.5 வரை என்று போட்டிருந்தால், 96 அங்குல அகலத்துக்கு 115 முதல் 144 அங்குலம். அந்தத் தூரத்தில் பீமோ மின்விசிறியோ இருந்தால் அளவை மாற்றவேண்டியிருக்கும். "கீஸ்டோன் வச்சு சரி பண்ணிக்கலாம் சார்" என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். கீஸ்டோன் என்ற வசதி, கோணலாக விழும் படத்தை நீள்சதுரமாக்குவதற்காகப் புள்ளிகளைத் தியாகம் செய்கிறது, கூர்மை குறைகிறது.

மின்விசிறியைச் சோதிக்க, லென்ஸ் வரப்போகும் இடத்திலிருந்து படத்தின் மேல் மூலைகள் இரண்டுக்கும் நைலான் நூலை இழுத்துக் கட்டி, விசிறியை மெதுவாகக் கையால் சுற்றிப் பாருங்கள். இறக்கை நூலைத் தொட்டால் படம் முழுக்க நிழல் வெட்டிக்கொண்டே இருக்கும். நூலைக் கட்டியபடி சுவிட்சைப் போடவேண்டாம். அதேபோல் கீழ் மூலைகளுக்கும் நூல் இழுத்து, கதவிலிருந்து சோபாவுக்கு நடந்து வருபவரின் தலை இடிக்கிறதா என்று பாருங்கள்.

வெளிச்சக் கணக்கில்தான் பெரிய திரைகள் தோற்கின்றன. கருவியின் வெளிச்ச அளவான லூமனை, திரை எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்று காட்டும் கெய்ன் எண்ணால் பெருக்கி, சதுர அடியில் உள்ள பரப்பால் வகுத்தால் ஃபுட்-லேம்பர்ட் என்ற அளவு கிடைக்கும். டிஜிட்டல் திரையரங்குகளுக்கான தர அளவு 14. நன்றாக இருட்டிய அறையில் 15ஐ ஒட்டி இருந்தாலே படம் நன்றாக இருக்கும். விளக்கெரியும் கூடத்தில் 30க்கு மேல் வேண்டும். 110 அங்குல 16:9 திரை 36 சதுர அடி. 135 அங்குலம் 54 சதுர அடி. சினிமா முறையில் 1,100 லூமன் தரும் கருவி முதலாவதில் 30 தரும், இரண்டாவதில் 20தான் தரும். பெட்டியின் மேல் அச்சிட்ட லூமன் அதிவெளிச்ச முறையில் எடுத்த எண்; நிறம் சரியாக உள்ள முறையில் அதில் பாதியை வைத்துக் கணக்கிடுவது பாதுகாப்பு. லாம்ப் வகைக் கருவி என்றால், விவரத்தாளில் உள்ள லாம்ப் ஆயுள் என்பது வெளிச்சம் பாதியாகும்வரை உள்ள காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் சிறு கருவிகளின் மேல் 9,000 லூமன், 12,000 லூமன் என்று இருப்பதை நம்பி 120 அங்குலத் திரை வாங்காதீர்கள்.

8. திரையின் வகையும் துணியும்

அறை சினிமாவுக்கே உரியது என்றால் ஃபிக்ஸட் ஃப்ரேம் எனப்படும் சட்டத் திரை வாங்குங்கள். துணி நான்கு பக்கமும் இழுபட்டு நிற்பதால் சுருக்கம் விழாது. சட்டம் துண்டு துண்டாக வருவதால் லிஃப்டில் ஏறும். எனது இரண்டாம் திரையின் பெட்டியை நானும் தம்பியும் மட்டுமே தூக்கி வந்தோம். சட்டத்தின் கறுப்பு விளிம்பு ஒவ்வொரு பக்கமும் மூன்று அங்குலம் கூட்டும் என்பதை மட்டும் அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூடமே திரையரங்கமும் ஆகவேண்டுமானால் மோட்டார் திரை. அதில் சாதாரண வகையில் நாளடைவில் ஓரங்கள் சுருண்டு, நடுவில் அலை விழும். கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில் அது நன்றாகத் தெரியும். இரு ஓரங்களிலும் கயிறு இழுத்துப் பிடிக்கும் டேப் டென்ஷன் (tab tension) வகை அந்தக் குறையைத் தவிர்க்கும், விலை இரண்டு மடங்குக்கு மேல்.

துணிக்கு, இருட்டக்கூடிய அறையில் கெய்ன் 1.0 முதல் 1.1 வரை உள்ள மேட் வெள்ளை போதும். கெய்ன் கூடினால் நடுவில் வெளிச்சம் குவிந்து ஓரம் மங்கும். ஏ.எல்.ஆர். எனப்படும் வெளிச்சம் தடுக்கும் திரைகளில் ஒரு பெரிய பொறி உண்டு: சுவரை ஒட்டிக் கீழே வைக்கும் குறுந்தூரப் புரொஜெக்டருக்கான துணி, கூரையிலிருந்து வரும் வெளிச்சத்தை விழுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. அதன் முன் கூரையில் புரொஜெக்டரை மாட்டினால் படத்தையே விழுங்கிவிடும்.

9. விலைப்புள்ளி, பில், வாரண்டி

எனக்குக் கிடைத்த விலைப்புள்ளிகளைத் தோராயமான அளவுக்காகச் சொல்கிறேன். ஊருக்கு ஊர் மாறும். 100 அங்குலக் கையிழுப்புத் திரை ஐந்து முதல் ஏழாயிரம், 120 அங்குலச் சாதாரண மோட்டார் திரை 16,000 (இதைத்தான் வாங்கி 8,000க்கு விற்றேன்), 110 அங்குலச் சட்டத் திரை துணியைப் பொறுத்து 24,000 முதல் 38,000, ஏ.எல்.ஆர். திரைகள் லட்சத்தை ஒட்டி. பொருத்தும் கூலி 2,500 கேட்டார்கள். கடையில் வைத்திருக்கும் அளவில் இல்லாமல் சொல்லிச் செய்யும் அளவு என்றால் விலை கூடும், திருப்பித் தரவும் முடியாது. முன்பணம் கட்டுமுன் அதைத் தெளிவாகக் கேளுங்கள்.

விலைப்புள்ளியை வாட்ஸாப்பில் ஒரு வரியாக வாங்காமல், எழுத்தில் வாங்குங்கள். அதில் படம் விழும் பகுதியின் அகலமும் உயரமும், சட்டத்தோடு அல்லது பெட்டியோடு உள்ள மொத்த அளவும் தனித்தனியாக இருக்கவேண்டும். துணியின் பெயரும் கெய்னும், மோட்டார் எந்தப் பக்கம் வரும் என்பதும், பிளாக் டிராப் அளவும், ஜி.எஸ்.டி. சேர்ந்த விலையா என்பதும், பொருத்தும் கூலி அடக்கமா என்பதும், பொருள் வீட்டு வாசல்வரை வருமா, கீழே தெருவோடு நின்றுவிடுமா என்பதும் இருக்கவேண்டும். கடைசியாகச் சொன்னதை நான் கேட்கவில்லை. கயிற்றுக் கதை அதனால்தான். மோட்டாருக்கும் துணிக்கும் வாரண்டிக் காலம் வேறுவேறாக இருப்பது வழக்கம். வாரண்டி அட்டையில் கடையின் முத்திரையும் தேதியும் விழுந்திருக்கிறதா, பில்லில் வரிசை எண் இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து, இரண்டையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். அச்சு எழுத்து ஆறு மாதத்தில் வெளுத்துவிடும்.

வாடகை வீடு என்றால் துளையிட உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். அடுக்குமாடி என்றால் சங்கம் எந்த நேரத்தில் டிரில்லிங் அனுமதிக்கிறது என்று கேட்டுக்கொண்டு ஆளை வரச்சொல்லுங்கள்; எங்கள் குடியிருப்பில் மதியம் இரண்டிலிருந்து நான்குவரை கூடாது, வந்த ஆட்கள் அந்த இரண்டு மணி நேரத்துக்கும் கூலி கேட்டார்கள்.

10. எதற்கு முன் எது

அளவு முடிவாகாமல் வயரிங் செய்யாதீர்கள், ஃபால்ஸ் சீலிங் போடாதீர்கள். மோட்டாருக்கான பிளக் பாயிண்ட் எந்தப் பக்கம், புரொஜெக்டருக்கான பாயிண்ட் சுவரிலிருந்து எத்தனை அடியில் என்பதெல்லாம் திரையின் அளவிலிருந்துதான் வருகின்றன. வேட்டிச் சோதனைக்கு ஒரு வாரம், விலைப்புள்ளிகளுக்கு ஒரு வாரம் வையுங்கள். கையிருப்பு அளவு மூன்று, நான்கு நாளில் வந்துவிடும். நான் சொல்லிச் செய்த சட்டத் திரைக்கு 24 நாள் ஆனது. பண்டிகைத் தள்ளுபடிக்காகக் காத்திருப்பவர்கள் அந்த நாட்களையும் சேர்த்து, குறைந்தது ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்.

பெயிண்ட் அடிப்பதும் சுவரில் துளை போடுவதும் துணியைப் பிரிப்பதற்கு முன் முடிந்திருக்கவேண்டும். சிமெண்ட் தூசி படிந்த மேட் துணியை ஈரத்துணியால் துடைத்தால் திட்டுத்திட்டாகிவிடும். துணியை மாட்டும்போது கையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல், கூடுமானால் வெள்ளைக் கையுறையோடு தொடச் சொல்லுங்கள். மாட்டிய அன்றே ஆட்களை அனுப்பிவிடாதீர்கள். புரொஜெக்டரைப் போட்டு, முழு வெள்ளைப் படம் ஒன்றைக் காட்டி, நான்கு மூலைகளிலும் படம் சட்டத்தைத் தொடுகிறதா, துணியில் கறையோ மடிப்போ இருக்கிறதா என்று பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். மடிப்பு இலேசானது என்றால் இரண்டு, மூன்று நாளில் தானே விடும். அதற்குமேல் இருந்தால் துணியை மாற்றித் தரவேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குல இடைவெளி நிற்கும். எங்கள் வீட்டில் இரண்டே வாரத்தில் ஒரு பல்லி அங்கே குடியேறி, வெள்ளைத் துணியின் மேல் மூலையில் தன் அடையாளத்தை வைத்துவிட்டுப் போனது. கறுப்பு நுரை நாடாவை வாங்கிச் சட்டத்தின் பின்புறம் நான்கு பக்கமும் ஒட்டினேன். 180 ரூபாய், அரை மணி நேர வேலை. திரையை மாட்டுகிற நாளிலேயே ஒட்டிவிடுங்கள், பிறகு சட்டத்தைக் கழற்ற மீண்டும் இரண்டு ஆள் வேண்டும்.